பிரிடேட்டர்: வான் டாம் விலகியதற்குச் சமகாலச் சான்று தேவை

எங்கள் திரைப்படக் கழகத்தில் திரையிடவிருக்கும் ‘பிரிடேட்டர்’ (1987) படத்துக்கான அறிமுகக் குறிப்பு ஒரே ஒரு பத்தியால் முடியாமல் நிற்கிறது. வேற்றுக்கிரக வேட்டைக்காரனாக முதலில் அமர்த்தப்பட்ட ஜான் குளோட் வான் டாம், மெக்சிகோக் காட்டில் படப்பிடிப்பு தொடங்கிய பின் விலகியது ஏன் என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.

படப்பிடிப்பு 1986இல் தொடங்கியது. இயக்கியவர் ஜான் மெக்டியர்னன். உருவம் மறையும் காட்சிகளுக்காக, பச்சைக் காட்டிலிருந்து பிரித்தெடுக்க வசதியாகத் தலைமுதல் கால்வரை மூடிய செந்நிற உடையொன்று பயன்பட்டது. வேட்டைக்காரனுக்கு முதலில் செய்த விலங்குருவ உடை கைவிடப்பட்டு, சிறப்பொப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் புதிதாக வடிவமைத்ததை ஏழடிக்கு மேல் உயரமுள்ள கெவின் பீட்டர் ஹால் அணிந்து நடித்தார். இறுதியில் ஹெலிகாப்டர் ஓட்டுபவராக முகம் காட்டுபவரும் அவரே.

படத்தோடு சேர்த்துக் கேட்கும் இயக்குநரின் ஒலிவர்ணனை, உருவாக்க ஆவணப்படம், வான் டாமின் பேட்டிகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டேன். முகம் தெரியாத வேடம் என்று அவர் முறையிட்டார், உயரம் போதவில்லை, ஆபத்தான தாவலுக்கு மறுத்தார் என ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உடை மாறியதே முதன்மைக் காரணமாயிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் இவை யாவும் அவர் நட்சத்திரமான பின் சொல்லப்பட்டவை. அத்தகைய நினைவுகளில் மசாலா சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

அவர் விலகியதைப் பற்றி 1986–87இலேயே அச்சான செய்தியோ பேட்டியோ யாரிடமேனும் உள்ளதா?