லிப்விர்ட்: இரண்டாவது நெட்வொர்க் கார்டு சேர்த்தால் பிசிஐ முகவரி மோதுது, உதவுங்க

கொசுவலை:
கேவிஎம்மில் (லினக்ஸோட விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடுற, லிப்விர்ட் மூலமா நிர்வகிக்கிற உபுண்டு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஒண்ணுக்கு இன்னொரு நெட்வொர்க் கார்டு தேவை. வேறொரு விஎம்மோட எக்ஸ்எம்எல்லில் (விஎம்மோட அமைப்பு ஃபைல்) இருந்து நெட்வொர்க் கார்டுக்கான இன்டர்ஃபேஸ் பகுதியை அப்படியே காப்பி எடுத்து, விர்ஷ் எடிட்டில் (அந்த ஃபைலைத் திருத்துற லிப்விர்ட் கமாண்ட்) ஒட்டினேன். 0000:01:00.0 பிசிஐ முகவரியை (கார்டு உட்கார்ற இடம்: பஸ் 1, ஸ்லாட் 0) ரெண்டு தடவை கொடுத்திருக்கேன்னு எரர். சரின்னு ஸ்லாட்டை 3-னு மாத்தினா, ஸ்லாட் 0-க்கு மேல போகக்கூடாதாம்! என் பழைய விஎம்மில் 3, 4, 5-னு வரிசையா இருக்கே?

பழைய அட்மின்:
அந்தப் பழைய விஎம் ஐ440எஃப்எக்ஸ்ங்கிற மெஷின் வகையா இருக்கும். அதில் ஒரே பிசிஐ பஸ், 32 ஸ்லாட். இப்போ நீங்க மாத்துற விஎம் கியூ35 வகை, பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒவ்வொரு ரூட் போர்ட்டுக்குப் (சாதனத்தைச் செருகுற போர்ட்) பின்னாலும் தனி பஸ், அதில் ஒரே ஸ்லாட், அதோட எண் 0. அது டவுன் பஸ்னா இது ஆளுக்கொரு ஆட்டோ. நீங்க மாத்த வேண்டியது பஸ் எண்ணை.

அதையும் நீங்க தேட வேணாம். ஒட்டின பகுதியில் அட்ரஸ் வரியை அழிச்சுட்டு சேமிங்க, காலி இடம் பார்த்து லிப்விர்ட்டே எழுதிக்கும். மேக் (கார்டோட அடையாள எண்) வரியையும் அழிங்க. ரெண்டு விஎம்முக்கு ஒரே மேக் இருந்தா லிப்விர்ட் கண்டுக்காது, விஎம்களை நெட்வொர்க்கில் இணைக்கிற பிரிட்ஜ்தான் குழம்பும்.

கொசுவலை:
சேமிச்சுடுச்சு அண்ணா. ஆனா இப்போ எஸ்எஸ்எச் (ரிமோட் லாகின்) போகலை. கன்சோலில் இஎன்பி1எஸ்0-ங்கிற கார்டு இருக்கு, நெட்பிளானில் (உபுண்டுவோட நெட்வொர்க் அமைப்பு) கொடுத்த ஐபியும் இருக்கு, கேட்வேக்கு பிங் மட்டும் இல்லை. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு கார்டோட அட்ரஸ் வரியையும் அழிச்சிருந்தேன்.

பழைய அட்மின்:
ஃபைலில் புதுக் கார்டோட பகுதியைப் பழசுக்கு மேல இருக்கிற மாதிரியா ஒட்டினீங்க?

கொசுவலை:
ஆமா! எப்படித் தெரியும்?

பழைய அட்மின்:
முகவரி எழுதியிருக்கிற சாதனங்களுக்கு முதல்ல இடம் ஒதுக்கிட்டு, எழுதாத கார்டுகளுக்கு வரிசைப்படி கொடுத்துட்டு வரும். நீங்க பஸ் 1-ஐ காலி பண்ணிட்டீங்க, மேல இருந்த புதுக் கார்டு அதில் உட்கார்ந்துடுச்சு. இஎன்பி1எஸ்0-ன்னா பஸ் 1, ஸ்லாட் 0 அவ்வளவுதான். பெயர் அதே, கார்டு வேற. உங்க ஐபி புது நெட்வொர்க்குக்குப் போயிடுச்சு. கன்சோலில் காட்டுற மேக்கையும் எக்ஸ்எம்எல்லில் இருக்கிறதையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுமே 52:54:00-ல்தான் ஆரம்பிக்கும், கடைசி மூணு ஜோடியைப் பாருங்க.

பழைய கார்டுக்கு பஸ் 1, ஸ்லாட் 0-ன்னு கையால எழுதுங்க. புதுசுக்கு இப்போ ஏறியிருக்கிற அட்ரஸ் வரியை மறுபடி அழிங்க. அப்புறம் விஎம்மை ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் கொடுங்க. உள்ளே இருந்து ரீபூட் பண்ணினா விஎம்மை ஓட்டுற அதே க்யூஎமு ப்ராசஸ்தான் ஓடும், மாற்றம் ஏறாது.

நள்ளிரவு டீ:
நான் நெட்பிளானில் மேக்கை மேட்ச் பண்ணித்தான் பெயரே வைப்பேன். பிசிஐ முகவரி எங்க போனாலும் ஐபி கார்டோடயே இருக்கும். இன்னொண்ணு, லிப்விர்ட் ஃபோல்டருக்குள்ள போய் எக்ஸ்எம்எல் ஃபைலை நேரடியா திருத்தாதீங்க, விர்ஷ் எடிட்டே போதும்.

கொசுவலை:
பழசு பஸ் 1, புதுசு பஸ் 7. பிங் வருது, எஸ்எஸ்எச்சும் வந்துடுச்சு. மேக் மேட்ச் ஞாயித்துக்கிழமை பண்றேன், இன்னைக்கு இதுக்கு மேல அதைத் தொட தைரியம் இல்லை.