டீமில் ஒருவருக்கு ஆட்டிசம், ஏடிஹெச்டி இரண்டும் உண்டு. நான் எப்படி நடந்துகொள்வது?

டீம் லீட் ஆகி நாலு மாதம் ஆகிறது. என் டீமில் ஒருவர் தனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது சிரமமாகும் நிலை) இருப்பதாக என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் மீட்டிங்கில் திடீரென்று கேட்டால் வாயடைத்துப் போவார். போன வாரம் எல்லார் முன்னாலும் "இது ஏன் இன்னும் முடியல?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து என்னிடம் எதுவும் சொல்வதில்லை, ஒரு பிழையை இரண்டு நாள் மறைத்தே வைத்திருந்தார். மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்களா?

பதில் 1
சொல்லாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எப்படி இருந்தால் வேலை சுலபம்?" என்று அவரையே கேளுங்கள், ஏனென்றால் ஒரே பெயர் கொண்ட நிலை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கும். மீட்டிங்கில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முந்தின நாளே எல்லாருக்கும் அனுப்புங்கள், பதிலை எழுதித் தரவும் விடுங்கள். டீம் முழுக்க இதுவே வழக்கமாகிவிட்டால் அவர் மட்டும் தனியாகத் தெரியமாட்டார். அப்புறம், நடந்துகொண்டே வேலை சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "சீக்கிரம் முடிங்க" என்றால் எப்போது? "வியாழன் 3 மணிக்குள், முதலில் இது" என்று எழுதிக் கொடுங்கள்.

பதில் 2
எனக்கும் இதே இரண்டும் உண்டு. முன்பு ஒரு மேனேஜர் காலையில் "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும், 4 மணிக்கு வாங்க" என்று மெசேஜ் போட்டார். திரையில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை, என்னென்ன தப்பு செய்திருப்பேன் என்று எண்ணியே அந்த நாள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் லீவு தேதி கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்! எதைப் பற்றி என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இயல்பாக இருப்பது போல நாள் முழுக்க நடிப்பதிலேயே பாதித் தெம்பு போய்விடும், அதற்கு மேல் இதுவும் வேண்டாம்.

பதில் 3
நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த மறைத்த பிழையைப் பற்றித்தான். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பதிவான மருந்துத் தவறுகள் அதிகமாக இருந்தன. அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் உளவியல் பாதுகாப்பு, அதாவது தவறைச் சொன்னாலும் அவமானப்படுத்த மாட்டார்கள் என்று குழுவில் இருக்கும் நம்பிக்கை, பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பின்னால் இருப்பதும் இதுதான். எல்லார் முன்னாலும் கேட்டீர்கள் அல்லவா, முதலில் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த மீட்டிங்கில் அவர் பெயரை இழுக்காமல், "நான் அன்று கேட்ட விதம் சரியில்லை" என்று சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்
சரி, நாளைக்கே பேசுகிறேன். எதைப் பற்றி என்று இப்போதே எழுதி அனுப்பிவிட்டேன்: "போன வாரம் நான் கேட்ட விதம் தப்பு. அதற்காகத்தான் பேச வேண்டும், உங்கள் வேலையில் குறை எதுவும் இல்லை. நேரில் வேண்டாம் என்றால் எழுதியே பேசலாம்."