புதுப்பிப்பு: தலசீமியா உள்ள மகன் ஒதுங்கியே இருப்பது பற்றி

முன்பு எழுதியிருந்தேன்: 9 வயது மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர் (உடம்பால் போதிய ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோய்), மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருக்கிறான் என்று. அப்புறம் என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

டாக்டர் 23 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தரப் படிவம் ஒன்றைத் தந்தார். உடல், மனம், நட்பு, பள்ளி என்று நான்கு பகுதி. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உடல் பகுதியில் நான் போட்டதைவிட அவன் நல்ல மதிப்பெண்ணே போட்டிருந்தான்! அடிவாங்கியது பள்ளிப் பகுதிதான். ஆஸ்பத்திரிக்குப் போவதால் லீவு என்ற வரிக்கு நேரே, தாள் கிழிகிற அளவுக்குப் பென்சிலை அழுத்தி வட்டம் போட்டிருந்தான். நானோ இத்தனை நாளும் ரத்த ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ரத்தம் ஏற்றுவதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேர்கிறது. அதை வெளியேற்ற இரவெல்லாம் வயிற்றில் ஊசியும் பம்ப்புமாகக் கிடப்பான். அதற்குப் பதில் இப்போது டெஃபெராசிராக்ஸ் மாத்திரை (சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை தவறாமல் உண்டு). போன வாரம் முதல் தடவையாக நண்பன் வீட்டில் தூங்கினான். ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) மட்டும் இன்னும் இறங்கவில்லை.