மின்வாகன கியர் எண்ணெய்: செம்புத் தகட்டின் நிறம் போதுமா?

பல்சக்கரம்: பழைய செம்புத் தகட்டுச் சோதனையே (ஏ.எஸ்.டி.எம். டி130 என்ற தரநிலை) போதும் என்பது என் கட்சி. மெருகேற்றிய தகட்டைச் சூடான எண்ணெயில் பெரும்பாலும் 3 மணி நேரம் வைத்து, எடுத்து, எண்ணெய் செம்பை அரித்ததா என்று நிறம் பார்க்கிறோம். நிறத் தரம் 1ஏ என்றால் தேறியது. 4சி என்றால் கருகியது. கியர் பெட்டிகள் இதை நம்பித்தானே ஓடின? எண்ணெய் செம்பில் விடும் படிவு மின்சாரம் கடத்துகிறதா என்று நாள்கணக்கில் சோதிப்பது வீண் செலவு.

செம்புக்கம்பி: அது கியர் பெட்டிக்குள் மோட்டார் குடியேறாத காலத்துச் சோதனை, ஐயா. இன்று பல வண்டிகளில் அதே எண்ணெயை மோட்டார் சுருளின் மேலேயே தெளிக்கிறார்கள். எண்ணெயிலுள்ள கந்தகம் செம்போடு சேர்ந்தால் செம்புச் சல்ஃபைடு. அது மின்சாரத்தைக் கடத்தும். இரு முனைகளுக்கு நடுவே அது வளர்ந்தால் ஷார்ட் சர்க்யூட்தான்.

பல்சக்கரம்: சுருளுக்கு எனாமல் பூச்சு இருக்கிறதே! கியர் பற்களைக் காக்கத்தான் எண்ணெயில் கந்தகம்; அதை எடுத்துவிட்டால் பற்கள் உரசிப் பாழாகும். அதற்கு யார் பொறுப்பு?

செம்புக்கம்பி: எடுக்கச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன். முனையங்களிலும் பற்றவைப்புகளிலும் எனாமல் ஏது? மெல்லிய செம்புக் கம்பியை எண்ணெயில் வைத்தால், அரிக்க அரிக்க அதன் மின்தடை ஏறும். செம்புத் தடங்கள் உள்ள பலகையில் மின்னழுத்தம் கொடுத்து வைத்தால், படிவு சேரும்போது தடங்களுக்கு இடையிலான மின்தடை இறங்கும். எண்ணெய்க்கு மேலே ஆவியிலும் ஒரு பலகையைத் தொங்கவிட வேண்டும். உங்கள் தகடு ஆவியைப் பார்த்ததே இல்லை.

மின்மாற்றிக்காரன்: குறுக்கே வருகிறேன். 2000-களில் எங்கள் துறை இந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. 140 டிகிரியில் 19 மணி நேரச் சோதனையில் தேறிய எண்ணெய்களே மின்மாற்றிகளில் சுருளின் மின்காப்புக் காகிதத்துக்குள் செம்புச் சல்ஃபைடைப் படியவிட்டன. முக்கியக் குற்றவாளி எண்ணெயிலிருந்த டைபென்சைல் டைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். பிறகு 2008-இல் ஐ.இ.சி. 62535 என்ற பன்னாட்டுச் சோதனைத் தரநிலை வந்தது: காகிதம் சுற்றிய செம்பு, 150 டிகிரி, 72 மணி நேரம்.

பல்சக்கரம்: மின்மாற்றி எண்ணெய்க்குப் பற்களைக் காக்கும் வேலை இல்லை, எங்களுக்கு உண்டு. வண்டி காணாத சூட்டில் காய்ச்சினால் நல்ல எண்ணெயும் தோற்கும். ஆனால் ஆவி விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். டி130 முதல் சல்லடையாக இருக்கட்டும். அதில் தேறியதை மட்டும் உங்கள் பலகைக்கு அனுப்புகிறேன்.

செம்புக்கம்பி: அனுப்புங்கள். கூடவே ஓடித் தேய்ந்த எண்ணெயிலும் ஒரு புட்டி வையுங்கள். புதிய எண்ணெயை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.