ஒரே வைஃபை கார்டில் இரண்டு நெட்வொர்க்: யாராவது ஓட்டியிருக்கிறீர்களா?

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடியில் என் வேலை, கீழே மாமாவின் அப்பளக் கடை. வீட்டு வைஃபையில் இன்டர்நெட். கடை வைஃபையில் பில் பிரிண்டரும் கேமராவும், இன்டர்நெட் கிடையாது. பில் அடிக்க ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி இணைத்து அலுத்துவிட்டது.

என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். ஒரு கார்டின் மேல் இரண்டு மெய்நிகர் இடைமுகம் (ஒரே கார்டு இரண்டு கார்டு போலத் தெரிவது) உருவாக்கலாம் என்று படித்தேன். மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் 'மல்டிநெட்' மென்பொருளில் வந்த பழைய யோசனைதான்: ஒரு ரவுட்டரிடம் 'தூங்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த ரவுட்டரின் சேனலுக்கு (வைஃபை அலைவரிசைக்கு) தாவுவது, அதுவரை முதல் ரவுட்டர் நமக்கான பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, சேர்த்து வைத்திருக்கும். நல்ல தந்திரம்!

கார்டின் திறனைக் காட்டும் 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையைப் போட்டுப் பார்த்ததில் இரண்டு இணைப்பு சரி, ஆனால் சேனல் ஒன்றே ஒன்று என்கிறது. அதனால் இரண்டு ரவுட்டரையும் 6-ஆம் சேனலில் வைத்தேன். இரண்டாவது இடைமுகத்துக்கு வேறு மேக் முகவரியும் (கார்டின் அடையாள எண்) கொடுத்தாயிற்று. இரண்டு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளுமே 192.168.1 வரிசையில் இருந்து, எது எங்கே போகவேண்டும் என்று லேப்டாப் குழம்பி, ஒரு நாள் மண்டை காய்ந்தது தனிக்கதை. கடையை 192.168.2 வரிசைக்கு மாற்றிவிட்டேன்.

இப்போது இரண்டும் இணைகின்றன. ஆனால் பத்து நிமிடத்தில் கடை இணைப்பு அறுந்துவிடுகிறது. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் பின்னணியில் ஸ்கேன் செய்வதாலா, பவர் சேவிங்காலா? விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போனாலும் பயனில்லை, அங்கே வைஃபை கார்டு வெறும் ஈதர்நெட் கார்டாகத்தான் தெரிகிறது.

யூஎஸ்பி டாங்கிள் வாங்கு என்று சொல்லாதீர்கள், அது தெரியும். இரண்டு சேனலைத் தாங்கும் கார்டு யாரிடமாவது ஒழுங்காக ஓடுகிறதா? மாடலைச் சொல்லுங்கள்.