பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கில் ஜெர்மானியக் குடியேறிகள் வாழ்ந்த ‘குட்டி ஜெர்மனி’ பகுதியில், கிழக்கு 6ஆம் தெருவில் இருந்த செயின்ட் மார்க் லுத்தரன் தேவாலயம் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதுகிறேன். உங்கள் உதவி தேவைப்படுகிறது.

1904 ஜூன் 15 அன்று அந்தச் சபையார் ஜெனரல் ஸ்லோகம் என்ற நீராவிக் கப்பலில் சுற்றுலா கிளம்பினார்கள். ஈஸ்ட் ரிவரில் கப்பல் தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதன்கிழமை, ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். மிதவைச் சட்டைகள் இற்றுப்போயிருந்தன, தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. படிக்கும்போதே மனசு பதறுகிறது. பிறகு அந்தப் பகுதியை விட்டு ஜெர்மானியர்கள் விலகிப் போனார்கள். 1940இல் தேவாலயக் கட்டடம் யூதத் தொழுகைக்கூடமானது.

சாவைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் எந்த ஊரிலிருந்து வந்தன என்பதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கப்பல் பயணிகள் பட்டியல்களில் பல சமயம் ‘பிரஷ்யா’ (அன்றைய பெரிய ஜெர்மானிய அரசு) என்று மட்டும்தான் இருக்கும். சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் சொந்தக் கிராமமே கிடைக்க வாய்ப்புண்டு.

என்னிடம் சில பக்கங்களின் நகல்கள் உள்ளன. எல்லாம் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் ‘ஈ’ (e) எழுத்தும் ‘என்’ (n) எழுத்தும் ஒன்றுபோலத் தெரிகின்றன; ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தேடல் வேறெங்கோ போய்விடும். ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களே, இதை வாசிக்கக்கூடிய பெரியவர் யாராவது உங்களுக்குப் பழக்கமா? ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் தரும் ஆர்க்கியான் தளத்தில் சந்தா வைத்திருப்பவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள். ஊர் தெரிந்ததும் அந்தத் தளத்தில்தான் தேட வேண்டும். நகல்களைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.