அன்றாடக் கூட்டு வேலைக்குத் தலையில் அணியும் மெய்நிகர் கருவி ஒத்துவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் ஐந்து பேர் சேர்ந்து கட்டட வரைபட அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறோம். எங்களில் ஒருவர் ஏற்காட்டில் இருந்தபடியே வேலை செய்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்காமல், ஒரே அறையில் கூடியதுபோல் வரைபடங்களைத் திருத்தலாம் என்ற ஆசையில், தலையில் அணியும் மெய்நிகர் கருவிகள் இரண்டை இரவல் வாங்கி ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தோம்.

முப்பரிமாண மாதிரிக்குள் நடந்து சென்று, மாடிப்படிக்கு மேலே தலை இடிக்குமா என்று இருவரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டது உண்மையிலேயே பயன் தந்தது. ஆனால் அளவுப் பட்டியலைத் திறந்தால் எழுத்துகள் மங்கலாகவே தெரிந்தன. பொருள் அருகில் வரும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்ப, கருவியின் வில்லைகளின் குவியத் தொலைவோ மாறாமலே இருப்பதால், அரை மணி நேரத்துக்குள் கண்கள் சோர்ந்துவிட்டன. சித்திரை வெயிலில் வழிந்த நெற்றி வியர்வையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சொந்தமாக வாங்குவதற்கு முன் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது. 515 கிராம் எடையுள்ள மெட்டா குவெஸ்ட் 3 போன்ற கருவியை நாள்தோறும் அணிபவர்கள், ஒரு கூட்டத்தை எத்தனை நிமிடங்களில் முடித்துக்கொள்கிறீர்கள்? தமிழில் குறிப்பெடுக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? வாரம் ஒருமுறை மாதிரியைப் பார்வையிட மட்டும் இதை வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளுக்குச் சாதாரணக் காணொலி அழைப்பே போதும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.